துன்பமும் ஆன்ம வளர்ச்சியும்: கிறிஸ்தவ போதனை ஒன்றின் மீதான விசாரணை

மரணவீட்டிலும் மருத்துவமனைக் கட்டிலருகிலும் கிறிஸ்தவர் மத்தியில் அடிக்கடி கேட்கப்படும் வாசகம் ஒன்றுண்டு. பொன்னைத் தீயிலிட்டுப் புடமிடுவதுபோல ஆண்டவர் தம் அடியாரைத் துன்பத்திலிட்டுப் புடமிடுகின்றார் என்பதே அது. அதனைச் சொல்பவர் பெரும்பாலும் நல்லெண்ணத்துடனேயே சொல்கின்றார். கேட்பவர் பெரும்பாலும் மௌனமாகத் தலையசைக்கின்றார். அத்தலையசைப்பு உடன்பாட்டின் அறிகுறியா, மறுத்துரைக்கத் திராணியற்ற களைப்பின் அறிகுறியா என்று எவரும் வினவுவதில்லை.

இப்போதனை வேதாகமத்திற்குப் புறம்பானதன்று. பவுல் உரோமையருக்கு எழுதிய நிருபத்திலும், யாக்கோபு, பேதுரு ஆகியோரின் பெயரில் வழங்கும் நிருபங்களிலும் அது தெளிவாகவே இடம்பெறுகின்றது. ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுகளாக எண்ணற்ற மனிதரின் வாழ்வு அதற்குச் சான்று பகர்ந்துள்ளது. ஆகவே அதனை முற்றாக மறுத்தல் கிறிஸ்தவ வரலாற்றின் பெரும்பகுதியையே மறுத்தலாக முடியும். விசாரணைக்குரியது வேறொன்று. இப்போதனையை யார் சொல்கின்றார், யாருக்குச் சொல்கின்றார், எதன்பொருட்டுச் சொல்கின்றார்? துன்புற்றவன் தன் வாழ்வைத் திரும்பிப் பார்த்துச் சொல்லும்போது அது சாட்சியமாகும். துன்புறாதவன் துன்புறுபவனை நோக்கிச் சொல்லும்போது அதுவே தீர்ப்பாகிவிடுகின்றது. துன்பத்தை விளைவித்தவனோ அதனால் இலாபமடைந்தவனோ சொல்லும்போது அது குற்றத்தை மறைக்கும் திரையாகின்றது. சொற்கள் மூன்றிடத்தும் ஒன்றே. அவற்றின் உண்மை மட்டும் ஒன்றன்று. இவ்வேறுபாட்டை மறந்துவிட்டமையே இன்றைய பிரசங்க மேடைகளின் பெருங்குறையாகும்.

இவ்வேறுபாட்டை வற்புறுத்தும் நூல் வேதாகமத்திலேயே உள்ளது. யோபுவின் நூல் 42 அதிகாரங்களைக் கொண்டது. மேடைகளில் எடுத்தாளப்படுவன அவற்றுள் முதலிரண்டும் இறுதியொன்றுமே. பொறுமைக்கு யோபு என்ற வழக்கு அவற்றிலிருந்து பிறந்தது. இடைப்பட்ட 39 அதிகாரங்களில் வரும் யோபுவோ பொறுமைசாலியல்லன். தான் பிறந்த நாளைச் சபிக்கின்றான். தன் வழக்கைக் கடவுளின் முன்னிலையிலேயே எடுத்துரைக்கத் துடிக்கின்றான். தன்மீது சுமத்தப்படும் குற்றத்தை இறுதிவரை ஏற்க மறுக்கின்றான். அவனைக் காணவந்த நண்பர் மூவரும் ஏழு பகலும் ஏழு இரவும் வாய் திறவாது அவனருகே தரையில் அமர்ந்திருந்தனர். அவர்கள் செய்த நற்செயல் அதுவொன்றே. வாய் திறந்ததும் அவர்கள் விளக்கமளிக்கத் தொடங்கினர்.

அவ்விளக்கம் யாது என்பது ஊன்றி நோக்கற்பாலது. எலிப்பாஸ் தன் முதலாம் உரையிலேயே, கடவுளால் கண்டித்துத் திருத்தப்படுபவன் பேறுபெற்றவன் என்கின்றான்; காயப்படுத்தும் கையே காயத்தைக் கட்டவும் செய்யும் என்கின்றான். பின்னர் வரும் எலிகூ என்னும் இளைஞன் 32ஆம் அதிகாரம் முதல் 37ஆம் அதிகாரம் வரை தொடர்ந்து பேசுகின்றான். நோய்ப்படுக்கையின் வேதனை வழியாகக் கடவுள் மனிதருக்குப் போதிக்கின்றார் என்பது அவனுடைய வாதத்தின் சாரம். இன்றைய மேடைகளில் ஒலிக்கும் போதனையும் இதுவேயன்றிப் பிறிதன்று. ஆயின் நூலின் முடிவில் கடவுள் யாரைக் கடிந்துகொள்கின்றார்? எலிப்பாசைப் பெயர் சொல்லி அழைத்து, அவன்மீதும் அவனுடைய நண்பர் இருவர்மீதும் தாம் சினங்கொண்டிருப்பதாகவும், யோபு பேசியதைப்போல் அவர்கள் தம்மைக்குறித்துச் சரியானதைப் பேசவில்லை என்றும் அறிவிக்கின்றார். எலிகூவின் ஆறு அதிகாரங்களுக்கோ மறுமொழி கூறுவாரே இல்லை. துன்பத்தில் கதறியவன் சரியாகப் பேசினான். துன்பத்திற்கு அழகிய பொருளுரைத்தவர்கள் பிழையாகப் பேசினார்கள். இத்தீர்ப்பு வேதாகமத்தில் எழுதப்பட்டிருக்கவும், எலிப்பாசின் உரையையே தேவவசனமென மரணவீடுகளில் ஒப்புவித்தல் விந்தையினும் விந்தையாகும்.

அதேவேளை யோபு வளரவில்லை என்று அந்நூல் கூறவில்லை. கடவுளைப் பற்றி அதுவரை காதாற் கேட்டிருந்தவன் இப்போது கண்ணாற் கண்டதாகக் கூறுகின்றான். ஆனால் அதனைக் கூறுபவன் யோபுவே. அவனுக்காக அதனை வேறெவரும் கூறியிருக்க முடியாது. முன்கூட்டியே கூறியிருப்பின் அது பொய்யாகியிருக்கும். மேலும், தன்னைப் புண்படுத்திய அந்நண்பர்களுக்காக அவன் மன்றாடியபோதே அவனுடைய வாழ்வு மீண்டது என்று நூல் குறிப்பிடுகின்றது. வளர்ச்சியின் அடையாளம் பிறருக்காகத் திறந்த உள்ளம் என்பது அங்கே குறிப்பாக உணர்த்தப்படுகின்றது.

சுவிசேஷங்களை நோக்குமிடத்தும் இதே உண்மை புலனாகின்றது. இயேசு தம்மிடம் வந்த நோயாளர் எவருக்கேனும், நோய் ஆன்மாவுக்கு நன்மை பயக்குமென்று புத்திகூறி நோயுடனேயே திருப்பியனுப்பியதாக நான்கு சுவிசேஷங்களிலும் ஓரிடமுமில்லை. அவர் குணமாக்கினார். பிறவிக் குருடனைக் கண்ட சீடர்கள் அவனது குறைக்குக் காரணம் அவன் பாவமா, பெற்றோர் பாவமா என்று வினவியபோது அவ்விரண்டையுமே மறுத்தார். சீலோவாமில் கோபுரம் சரிந்து 18 பேர் மாண்டபோது, மாண்டவர் ஏனையோரைவிடப் பெரும்பாவிகள் என்ற எண்ணத்தையும் மறுத்தார். தம் மரணத்தை எதிர்நோக்கிய இரவிலோ, அத்துன்பக் கிண்ணம் தம்மைவிட்டு நீங்கவேண்டுமென்று கெத்செமனேயில் முழந்தாளிட்டு வேண்டினார். துன்பம் தன்னளவிலேயே நன்மையாயின், அது நீங்கவேண்டுமென்று வேண்டியது எங்ஙனம்?

பவுலின் கூற்றும் அவருடைய வாழ்விலிருந்து பிரித்தெடுக்கப்படும்போதே திரிபடைகின்றது. துன்பம் பொறுமையையும், பொறுமை தகைமையையும், தகைமை நம்பிக்கையையும் விளைவிக்கும் என்ற கருத்தை அவர் முன்வைத்தார். அதனை எழுதிய கை எத்தகையது? ஐந்துமுறை ஒன்றுகுறைய நாற்பது கசையடிகளையும், மும்முறை பிரம்படியையும், ஒருமுறை கல்லெறியையும், மும்முறை கப்பற்சேதத்தையும் தாங்கிய மனிதனின் கை. தம் உடலில் தைத்திருந்த முள்ளை நீக்குமாறு மும்முறை மன்றாடிய பின்னரே பலவீனத்தில் வல்லமை நிறைவுறும் என்பதை அவர் கண்டுகொண்டார். பிறரின் துன்பம் என்று வந்தபோதோ அவருடைய செயல் முற்றிலும் வேறாக இருந்தது. எருசலேமின் வறிய விசுவாசிகளுக்கு, வறுமை உள்ளத்தைத் தூய்மையாக்கும் என்று அவர் நிருபம் எழுதி அமையவில்லை. மக்கெதோனியாவிலும் அக்காயாவிலும் அவர்களுக்கெனப் பணம் திரட்டினார். தம் துன்பத்திற் பொருள் தேடியவர், பிறர் துன்பத்துக்குப் பரிகாரம் தேடினார். இவ்வொழுங்கு தலைகீழாகும்போதே ஆன்மிகம் போலியாகின்றது. தனக்கு வந்த சிறு நோவுக்கு உடனே பரிகாரமும், அயலானின் பெருந்துயருக்கு நீண்ட தத்துவமும் தேடுபவர் பவுலின் மாணாக்கர் அல்லர்.

சிலுவை என்னும் சொல்லும் இவ்வாறே மலினப்பட்டுள்ளது. குடிகாரக் கணவனின் அடியைத் தாங்கும் மனைவிக்கு, அது அவள் சுமக்கவேண்டிய சிலுவை என்று அறிவுரை கூறப்படுகின்றது. வரலாற்றில் சிலுவை என்பது உரோம அரசு தனக்கு ஆபத்தானவரெனக் கருதியோருக்கு விதித்த தண்டனை. அது ஒருவர் தெரிந்துகொண்ட வழியின் விளைவேயன்றித் தலையெழுத்தன்று. ஆங்கிலப் போதகரான ஜோன் பனியன் 1660 முதல் 1672 வரை பெட்போர்ட் சிறையில் அடைக்கப்பட்டிருந்தார். இனிப் போதிப்பதில்லை என்று உறுதியளித்திருப்பின் அவர் வீடு சென்றிருக்கலாம். அவர் அதனை மறுத்தார். சிறையிலிருந்தவாறே காலணி நாடா செய்து குடும்பத்துக்கு உதவினார். பார்வையற்ற மகளை எண்ணி வருந்தினார். 1678இல் வெளிவந்த அவருடைய மோட்சப் பயண நூலைத் தழுவியே எச். ஏ. கிருஷ்ணபிள்ளை தமிழில் இரட்சணிய யாத்திரிகத்தை இயற்றினார் என்பதை இலக்கிய மாணவர் அறிவர். அந்நூலின் வேர் ஒரு மனிதனின் மறுப்பிற் கிடக்கின்றது. அவர் தாமே ஏற்ற சிறையும், தப்பவியலாத வீட்டில் ஒரு பெண்மீது விழும் அடியும் ஒரே பெயரால் அழைக்கப்படுமாயின், அடிப்பவனே ஆன்மிக ஆசானாகிவிடுவான்.

இத்திரிபு அதிகாரத்தின் கையிற் சேரும்போது என்ன நேரும் என்பதற்கு வரலாறு சான்று வைத்துள்ளது. 1807ஆம் ஆண்டு இலண்டனில், பிரித்தானிய மேற்கிந்தியத் தீவுகளின் கறுப்பின அடிமைகளுக்கெனத் தெரிந்தெடுக்கப்பட்ட வேதாகமப் பகுதிகள் நூலாக அச்சிடப்பட்டன. இஸ்ரவேலர் எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து விடுபட்ட கதை அதில் நீக்கப்பட்டிருந்தது. அடிமைகள் தம் எசமானருக்குக் கீழ்ப்படியவேண்டும் என்ற எபேசியர் நிருபப் பகுதி நீக்கப்படவில்லை. கரும்புத் தோட்டத்தின் சவுக்கடி ஆன்மப் பயிற்சியாக விளக்கப்படுவதற்கு இதைவிடத் தகுந்த பாடநூல் வேறு வேண்டியதில்லை. ஆயினும் அட்லாந்திக்கின் மறுகரையில் அமெரிக்க அடிமைகள் மோசேயின் கதையைத் தம் பாடல்களிற் காத்து வைத்திருந்தனர். 1849இல் அடிமைத்தனத்திலிருந்து தப்பிய ஹரியற் ரப்மன் என்னும் பெண், தான் தப்பிய மண்ணுக்கே மீண்டும் மீண்டும் இரகசியமாகச் சென்று பிறரையும் அழைத்துவந்தாள். அவளை மக்கள் மோசே என்றே அழைத்தனர். எசமானர் கத்தரித்தெறிந்த பக்கங்களிலேயே அடிமைகளின் ஆன்மா வளர்ந்தது. ஒரே துன்பம், ஒரே சமயம். ஒன்று எசமானரின் வாசிப்பு, மற்றையது அடிமைகளின் வாசிப்பு.

1844இல் வெளியான ஹெகல் பற்றிய தமது விமர்சன முன்னுரையில் கார்ல் மார்க்ஸ் சமயத்தை அபினுக்கு ஒப்பிட்டமை பல்கலைக்கழக மட்டத்தில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படுவதாகும். சமயத் துயரம் மெய்யான துயரத்துக்கு எதிரான கண்டனக் குரலுமாகும் என்ற கருத்தை அவர் அதே இடத்திலேயே வைத்திருந்தமை அவ்வளவாக எடுத்துக்காட்டப்படுவதில்லை. 1807இன் நூல் அவருடைய முதற் கருத்துக்கும், ரப்மனின் வாழ்வு இரண்டாவதற்கும் சான்றுகளாகின்றன. கிறிஸ்தவர் மார்க்சுக்கு அளிக்கவேண்டிய மறுமொழி வாதத்தில் இல்லை. எவ்வாசிப்பைத் தமதாக்கிக் கொள்கின்றனர் என்பதிலேயே உள்ளது.

இலங்கையில் இவ்வினா ஏட்டளவில் நிற்பதன்று. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று கொச்சிக்கடைப் புனித அந்தோனியார் ஆலயத்திலும், கட்டுவாப்பிட்டிப் புனித செபஸ்தியார் ஆலயத்திலும், மட்டக்களப்புச் சீயோன் தேவாலயத்திலும், கொழும்பின் மூன்று விடுதிகளிலும் நிகழ்ந்த தற்கொலைக் குண்டுத் தாக்குதல்களில் இருநூற்றைம்பதுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். மட்டக்களப்பில் மாண்டோருள் சிறுவர் பலர். தாக்குதல் பற்றிய முன்னறிவித்தல் கிடைத்திருந்தும் அதனைத் தடுக்கத் தவறியமையால் அடிப்படை உரிமைகள் மீறப்பட்டன என்று உயர் நீதிமன்றம் 2023 சனவரி 12இல் தீர்ப்பளித்து, முன்னாள் சனாதிபதியும் பாதுகாப்புத்துறை உயரதிகாரிகளும் நட்டஈடு செலுத்தவேண்டுமெனப் பணித்தது. இந்நிலையில், திருச்சபையைக் கடவுள் புடமிட்டார் என்று ஒருவர் கூறுவாராயின் அதன் பொருள் யாது? புடமிட்டவர் கடவுளாயின், குண்டு சுமந்தவரும் கடமை தவறியவரும் அவருடைய கைக்கருவிகள் ஆகின்றனர். கருவிகளை விசாரணை செய்ய நீதிமன்றம் எதற்கு? பிள்ளையை இழந்த பெற்றோர் உண்மையையும் நீதியையும் கோரி நின்றமை, இப்போதனையின்படி, பயிற்சியை ஏற்க மறுத்த பிடிவாதமாகிவிடும். இவ்வாறான முடிவுக்கு இட்டுச்செல்லும் இறையியல் கடவுளையும் இழிவுபடுத்துகின்றது, மாண்டவரையும் இழிவுபடுத்துகின்றது.

2017 பெப்ரவரியிற் கிளிநொச்சியில் தெருவோரம் அமர்ந்து, காணாமலாக்கப்பட்ட தம் பிள்ளைகள் எங்கே என்று கேட்கத் தொடங்கிய தாய்மாருக்கும் இது பொருந்தும். அவர்களிடம் பொறுமை இல்லையென்று சொல்ல எவருக்கும் வாயில்லை. அவர்கள் வேண்டியது தகைமை பற்றிய போதனையன்று, விடை. யோபுவும் அதனையே வேண்டினான்.

இதற்கு நேரெதிரான இன்னொரு பிழையும் அண்மைக்காலக் கூட்டங்களிற் பரவியுள்ளது. விசுவாசம் உள்ளவனுக்கு நோயுமில்லை, வறுமையுமில்லை; துன்பம் நீடிப்பது விசுவாசக் குறைவின் விளைவு என்பது அது. துன்பத்தைப் போற்றும் பிரசங்கமும் துன்பத்தைப் பழிக்கும் இப்பிரசங்கமும் எதிரெதிர்த் திசையில் நிற்பனபோலத் தோன்றினும் ஒரே வேரில் முளைத்தவை. இரண்டும் துன்புறுபவனின் கணக்கைத் தாமே எழுத முற்படுகின்றன. ஒன்று அவனுக்கு வரவு வைக்கின்றது. மற்றையது பற்று வைக்கின்றது. அவனிடம் கேட்பார் மட்டும் எவருமில்லை.

இவ்விடத்தில் ஒரு மறுப்பு எழலாம். துன்பத்துக்கு எப்பொருளும் கூறாதிருப்பின் துன்புறுபவன் நம்பிக்கையிழந்து போகமாட்டானா? பொருள் தருவதன்றோ சமயத்தின் கடமை? இவ்வாதத்தை இருபதாம் நூற்றாண்டில் வலிமையுடன் முன்வைத்தவருள் ஒருவர் சி. எஸ். லூயிஸ். 1940இல் வெளிவந்த வேதனை பற்றிய தமது நூலில், செவிடாகிப்போன உலகை எழுப்பக் கடவுள் கையாளும் ஒலிபெருக்கியே வேதனை என்ற உவமையை அவர் கையாண்டார். அவர் துன்பமறியாதவரல்லர், ஒன்பது வயதில் தாயை இழந்தவர், முதலாம் உலகப்போரிற் காயமுற்றவர். நூலும் அறிவுத்திறன் மிக்கதே. இருபதாண்டுகளின் பின்னர், 1960 யூலையில், அவருடைய மனைவி ஜோய் புற்றுநோயால் இறந்தார். அத்துயரின்போது அவர் எழுதிய குறிப்புகள் 1961இல் வேறொரு புனைபெயரில் நூலாயின. 1963இல் அவர் இறந்த பின்னரே அவை அவருடைய சொந்தப் பெயரில் வெளிவந்தன. அந்நூலில் ஒலிபெருக்கி இல்லை. தேவை மிகுந்த நேரத்தில் தட்டப்பட்ட கதவு உள்ளிருந்து தாழிடப்படும் ஓசையே அவர் செவிக்கு எட்டியது. தமது விசுவாசம் சீட்டுக்கட்டு வீடாக இருந்தமையாலன்றோ ஒரே அடியிற் சரிந்தது என்று தம்மையே அவர் வினவினார்.

அவர் விசுவாசத்தைக் கைவிட்டாரா? இல்லை. நூலின் இறுதிப்பகுதியில் ஒருவகை அமைதி மெல்லத் திரும்புகின்றது. ஆனால் அவ்வமைதி 1940இன் விளக்கத்திலிருந்து வரவில்லை. அவ்விளக்கம் உதவாது போனமையை ஒளிக்காது எழுதியதன் ஊடாகவே வந்தது. துன்பத்துக்கு விளக்கமெழுதிய மேதைக்கே தமது விளக்கம் போதாமற் போயிற்றெனில், அதே விளக்கத்தைப் பிறரின் துயரத்துக்கு மருந்தாக வழங்க எவருக்கு உரிமையுண்டு? பொருள் வேண்டற்பாலதே. ஆயின் அது துன்புறுபவன் கண்டடைவது. வெளியிலிருந்து அவன்மீது சுமத்தப்படுமாயின் துன்பத்தின்மேல் இன்னொரு சுமையாகின்றது.

துன்பம் தானாகவே எவரையும் வளர்ப்பதுமில்லை. அது பலரை நொறுக்கியுள்ளது, பலரைக் கசப்புற்றவராக்கியுள்ளது, சிலரைக் கொடியவராகவும் ஆக்கியுள்ளது. லூக்கா சுவிசேஷத்தில் இயேசுவின் இருபுறமும் தொங்கிய குற்றவாளிகள் இருவரும் ஒரே தண்டனையை, ஒரே நேரத்தில் அனுபவித்தனர். ஒருவன் நிந்தித்தான், மற்றவன் அருகில் தொங்கிய குற்றமற்றவருக்காகப் பரிந்து பேசினான். மரமும் ஆணியும் ஆசிரியர்களாயின் இருவரும் ஒரே பாடத்தைக் கற்றிருக்கவேண்டும். வேறுபாடு துன்பத்தில் இருக்கவில்லை. தன் வேதனையின் நடுவிலும் அயலானின் வேதனையைக் காணும் கண் ஒருவனுக்கு இருந்தது.

அக்கண்ணைப் பெற்ற ஒருவரின் வாழ்வு இங்கு விரிவாக நோக்கத்தக்கது. ஜேர்மானிய இறையியலாளர் டீற்றிக் பொன்ஹோபர் 1906இற் பிறந்தவர். 1939 யூனில் நியூயோர்க் சென்றிருந்த அவருக்கு அங்கேயே பாதுகாப்பாகத் தங்கும் வாய்ப்பு இருந்தது. சில வாரங்களிலேயே அதனைக் கைவிட்டு நாடு திரும்பினார். ஹிட்லருக்கு எதிரான இரகசிய முயற்சிகளில் ஈடுபட்டார். 1943 ஏப்ரல் 5இற் கைதானார். ஏறக்குறைய பதினெட்டு மாதங்களைப் பேர்லினின் தேகல் இராணுவச் சிறையிற் கழித்தார். 1945 ஏப்ரல் 9இல் புளொசன்பேர்க் வதைமுகாமில் தூக்கிலிடப்பட்டார். அவருடைய சிறைக் கடிதங்களை அவருடைய நண்பர் எபர்ஹாட் பெத்கே 1951இல் நூலாக வெளியிட்டார்.

துன்பத்தின் வழி வளர்ச்சிக்கு எடுத்துக்காட்டு வேண்டுவோர் பொன்ஹோபரையே பெரிதும் நாடுவர். ஆனால் அக்கடிதங்கள் அவர்கள் எதிர்பார்க்கும் தோத்திரங்களல்ல. தமது துன்பம் என்று பிறர் பேசும்போது தமக்குக் கூச்சம் ஏற்படுவதாகவும், அதனை நாடகமாக்கக்கூடாதென்றும் அவர் 1944 மார்ச்சில் எழுதினார். அதே ஆண்டு சனவரியில் அவர் எழுதிய நிகழ்ச்சி ஒன்று இன்னும் ஆழ்ந்து சிந்திக்கத்தக்கது. விமானக் குண்டுவீச்சின்போது கைதிகள் தரையிற் படுத்திருந்தனர். வழக்கமாக அசட்டையாகத் திரியும் ஒருவன் அச்சத்தால் கடவுளே கடவுளே என்று முனகினான். போதகரான பொன்ஹோபர் அத்தருணத்தைப் பயன்படுத்தி அவனுக்குச் சமயத் தேறுதல் எதுவும் கூற முற்படவில்லை. தம் கைக்கடிகாரத்தைப் பார்த்து, இன்னும் பத்து நிமிடங்களுக்கு மேல் இது நீடிக்காது என்று மட்டும் சொன்னார். அச்சத்தில் நடுங்கும் மனிதனின் பலவீனத்தைச் சமயத்திற்கு வாசலாக்குவதை அவர் மனம் ஏற்கவில்லை.

இதனைப் படிக்கும் பக்திமான்கள் சிலர் ஏமாற்றமடையக்கூடும். அருமையான சந்தர்ப்பம் ஒன்று தவறவிடப்பட்டதாக அவர்கள் கருதக்கூடும். உண்மையில் அங்கே தவறவிடப்பட்டது எலிப்பாசின் சந்தர்ப்பமே. குண்டு விழும் இரவில் ஒரு மனிதனுக்கு உடனடியாகத் தேவைப்பட்ட நம்பிக்கை பத்து நிமிடம். அதனை அவர் அளித்தார். அத்துடன் அமையாது, குண்டுவீச்சில் காயமுறும் கைதிகளுக்குச் சிகிச்சை வசதி போதாமை பற்றி அறிக்கையும் வரைந்தார். ஹிட்லரைக் கொல்லும் முயற்சி தோல்வியுற்ற மறுநாளான 1944 யூலை 21இல், தமக்கு மரணம் நெருங்கியதை உணரத்தக்க நிலையில், உலக வாழ்வின் கடமைகளிலும் கேள்விகளிலும் தோல்விகளிலும் முழுமையாக இறங்கி வாழ்வதாலேயே மனிதன் விசுவசிக்கக் கற்றுக்கொள்கிறான் என்ற கருத்தை நண்பருக்கு எழுதினார். அங்கே துன்பம் போற்றப்படவில்லை. தன் துன்பத்திலிருந்து கண்ணை எடுத்து, உலகின் துன்பத்தில் கடவுளுடன் பங்குகொள்வதே வளர்ச்சியெனக் காணப்பட்டது.

இவ்வுண்மையைக் காண ஜேர்மனிவரை செல்லவேண்டியதுமில்லை. கோவாவிற் பிறந்த ஜோசப் வாஸ் அடிகளார், ஒல்லாந்தர் கத்தோலிக்க சமயத்தைத் தடைசெய்திருந்த காலத்தில், 1687இல் மாறுவேடத்தில் யாழ்ப்பாணக் கரை சேர்ந்தார். வந்தவுடன் கடுநோயுற்றார். பின்னர் சில்லாலையைத் தளமாகக்கொண்டு மறைவாகப் பணியாற்றினார். 1692இற் கண்டி சென்றபோது போர்த்துக்கேய உளவாளி என்ற ஐயத்தின்பேரில் சிறைப்படுத்தப்பட்டார். துன்பத்தின் மேன்மை பற்றிப் போதிக்கத் தகுதி பெற்றவர் ஒருவர் உண்டெனில் அவரே அத்தகையவர். 1697இற் கண்டியில் வைசூரி பரவியது. அரசனும் பிரபுக்களும் நகரைவிட்டு நீங்கினர். நோயுற்றோரை உறவினரும் கைவிட்டனர். வாஸ் அடிகளாரும் அவருடைய மருமகனான கார்வாலோ அடிகளாரும் நகரிலேயே தங்கினர். கைவிடப்பட்டோருக்குத் தங்குமிடம் அமைத்தனர், புண்ணைக் கழுவினர், உணவூட்டினர், இறந்தோரை அடக்கம் செய்தனர். நோயாளியின் சமயம் யாதென்று வினவவில்லை. பௌத்த மன்னனாகிய இரண்டாம் விமலதர்மசூரியனின் மதிப்பை அவருக்குத் தேடிக்கொடுத்தது அச்செயலே. 2015 சனவரி 14இற் கொழும்பில் அவர் புனிதராக அறிவிக்கப்பட்டபோது நினைவுகூரப்பட்ட புனிதமும் அதுவே. சிறையிலிருந்த ஆண்டுகள் அவரை வளர்த்தனவா என்ற வினாவுக்கு அவர் விடையெழுதி வைக்கத் தேவையில்லை. நகரம் வெறிச்சோடியபோது அவர் எத்திசை நோக்கி நடந்தார் என்பதே விடை.

ஆகவே, துன்பத்தின் வழி ஆன்ம வளர்ச்சி என்னும் போதனைக்கு ஓர் உரைகல் உண்டு. அது துன்புற்றவனை அயலானின் துயரத்தை நோக்கித் திருப்புகின்றதா, அன்றித் துயரத்துடன் சமரசம் செய்யப் பழக்குகின்றதா என்பதே அவ்வுரைகல். முன்னையது கிறிஸ்துவின் வழி. பின்னையது எலிப்பாசின் வழி. தான் பட்ட துன்பத்தால் வளர்ந்தவன், பிறர் அத்துன்பத்தைப் படவேண்டுமென்று விரும்பான். பசியறிந்தவன் உணவைப் பகிர்வான். சிறையறிந்தவன் சிறைப்பட்டவனைத் தேடிச் செல்வான். மத்தேயு சுவிசேஷத்தின் இறுதித் தீர்ப்புக் காட்சியிலும் மனிதரிடம் கேட்கப்படுவன இவையே. எவ்வளவு துன்பத்தைத் தாங்கினாய் என்ற வினா அங்கே இல்லை. பசித்தவனுக்கு உணவளித்தாயா, நோயுற்றவனைப் பார்க்கச் சென்றாயா என்ற வினாக்களே உள்ளன.

மரணவீட்டிற்குச் செல்லும் போதகரும், விசுவாசியும், நண்பரும் யோபுவின் நண்பர்களிடமிருந்து கற்கவேண்டிய பாடம் ஒன்றுண்டு. அவர்களுடைய முதல் ஏழு நாட்களைப் பின்பற்றலாம். எட்டாம் நாளைப் பின்பற்றவேண்டியதில்லை. அருகே அமர்தல், அடுப்பு மூட்டுதல், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளல், நீதிமன்றப் படியேறத் துணைநிற்றல் ஆகியவை எல்லோராலும் இயல்வன. துன்பம் தன்னை என்ன செய்தது என்பதை ஒருநாள் துன்புற்றவரே சொல்லக்கூடும், சொல்லாமலும் விடக்கூடும். சொல்லுவாராயின் கேட்கும் செவி அருகில் இருத்தல் வேண்டும். அவருக்கு முந்திப் பேச எவருக்கும் அதிகாரமில்லை.